பொன்வாய் அருளப்பரும் இரு சிலைகளும்

கி. பி. 387ஆம் ஆண்டு, தவக்காலம் பிறப்பதற்குச் சில நாட்களே இருந்தபொழுது, அந்தியோக்கியா மாநகரிலே சக்கரவர்த்தியின் கட்டளையொன்று வாசிக்கப்பட்டது. புதிய வரி விதிக்கும் கட்டளை அது. கேட்டவர் முதலில் அழுதனர். கடவுளைக் கூவி முறையிட்டனர். பின்னர் கூட்டம் பெருகிற்று, அழுகை கூச்சலாயிற்று, கூச்சல் வெறியாயிற்று. பொதுக் குளிப்பறையிலே தொங்கிய விளக்குகளின் கயிறுகளை அறுத்தெறிந்தனர். அடுத்து, தெருக்களிலே நின்ற சக்கரவர்த்தி தேயோதோசியுஸின் வெண்கலச் சிலையைக் கயிறு கட்டிக் கவிழ்த்து, வீதி வழியே இழுத்து, கற்களால் உடைத்தனர். முந்திய ஆண்டிலே இறந்துபோன சக்கரவர்த்தினி பிளாக்கில்லாவின் சிலையும், இளவரசர் அர்க்காதியுஸ், ஓனோரியுஸ் என்போரின் சிலைகளும் அவ்வாறே வீழ்ந்தன. வில்வீரர் வந்து கூட்டத்தைக் கலைப்பதற்குச் சில மணி நேரமே சென்றது. அதன்பின் நகரெங்கும் ஒரு மௌனம் பரவிற்று. தாம் செய்தது யாதென்று அப்பொழுதுதான் அந்தியோக்கியர் உணரத் தொடங்கினர்.

உரோமப் பேரரசிலே மன்னனின் சிலை மன்னனேயாவான். சிலையை அவமதித்தல் இராசத்துரோகம். பிடிபட்டவருள் சிலர் வாளுக்கும், சிலர் நெருப்புக்கும், சிலர் கொடுவிலங்குகளுக்கும் இரையாயினர், சிறுவர்கூடத் தப்பவில்லை. நகரையே தரைமட்டமாக்கச் சக்கரவர்த்தி ஆணையிடுவார் என்ற வதந்தி எழுந்தது. வசதியுள்ளோர் மலைகளுக்கு ஓடினர். ஏழைகள் ஓட இடமின்றிக் கோவிலுக்கு வந்தனர். அங்கே அவர்களுக்குப் பிரசங்கம் செய்ய எழுந்தவர், குருப்பட்டம் பெற்று ஓராண்டே ஆன அருளப்பர் என்னும் குருவானவர்.

நம்மவருட் கத்தோலிக்கர் அருளப்பர் என்றும் ஏனைய கிறிஸ்தவர் யோவான் என்றும் வழங்கிவந்த பெயர் ஒன்றே. இவருக்குப் பிற்காலத்தார் கொடுத்த அடைமொழி கிறிசொஸ்தொமோஸ் என்பது. கிரேக்க மொழியிலே அதற்குப் பொன்வாயர் என்று பொருள். பொன்னான அந்த வாயே அவரை உயர்த்தியது. அதுவே அவரை நாடு கடத்தவும் செய்தது. ஆள்வோரைப் பற்றிப் பேசும்பொழுது ஒரு கிறிஸ்தவனுடைய நாவு எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதை அவரளவு விரித்துப் போதித்தவரும் அரியர். அப் போதனையின் பாரத்தைத் தம் உடம்பிலே அவரளவு சுமந்தவரும் அரியர்.

அவர் பிறந்ததும் அந்தியோக்கியாவிலேதான்; நான்காம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். தந்தை செகுந்துஸ் படைத்துறையில் உயர் பதவி வகித்தவர். மகன் குழந்தையாயிருக்கையிலேயே இறந்தார். இருபது வயதிலே கைம்பெண்ணான தாய் அந்தூசா மறுமணம் செய்யாது மகனை வளர்த்தாள். சொல்வன்மையை அவர் கற்றது லிபானியுஸ் என்னும் பேராசிரியரிடம். லிபானியுஸ் கிறிஸ்தவரல்லர், பழைய கிரேக்க தெய்வங்களை வழிபட்டவர். பின்னர் மகன் மலைக்குச் சென்று துறவிகளோடு வாழ்ந்தார். ஈற்றில் ஈராண்டு குகையொன்றிலே தனித்திருந்தார். பனியும் பட்டினியும் அவருடைய வயிற்றையும் சிறுநீரகங்களையும் கெடுத்துவிட்டன. நோயாளியாக நகருக்குத் திரும்பியவரை 381இல் மேற்றிராணியார் மெலேத்தியுஸ் தியாக்கோனாக்கினார். 386இல் அவருக்குப் பின்வந்த மேற்றிராணியார் பிளாவியானுஸ் குருவாக்கினார். மறு ஆண்டு சிலைகள் விழுந்தன.

பிளாவியானுஸ் அப்பொழுது முதியவர். அவருடைய சகோதரி மரணப்படுக்கையிலே கிடந்தாள். ஆயினும் சக்கரவர்த்தியிடம் மன்னிப்பு வேண்டும்பொருட்டு அவர் பயணத் துன்பம் பாராது கொன்ஸ்தாந்திநோப்பிளுக்குப் புறப்பட்டார். மக்களைத் தேற்றும் பணி இளங்குருவிடம் விடப்பட்டது. அவர் ஏழு நாள் வாய் திறவாதிருந்தார். யோபுவின் துயர் கண்டு நண்பர் ஏழு நாள் மௌனம் காத்ததுபோலத் தாமும் காத்ததாக அவரே பின்னர் கூறினார். எட்டாம் நாள் பேசத் தொடங்கியவர் தவக்காலம் முழுவதும் பேசினார். அப் பிரசங்கங்களே சிலைகளைப் பற்றிய உரைகள் என்று இன்றும் வழங்குவன.

அவ்வுரைகளைப் படிக்கப் புகும் இக்காலத்து வாசகர் முதலில் ஏமாற்றமே அடைவர். வரி நியாயமானதா, அநியாயமானதா என்று அவர் ஆராய்ந்தாரல்லர். சக்கரவர்த்தியைக் குறைகூறவுமில்லை, அவருக்குப் பல்லாண்டு பாடவுமில்லை. நகரமே அழியுமோ என்று நடுங்குகையில், ஆணையிடும் பழக்கத்தை விடுங்கள், ஆணையிடும் பழக்கத்தை விடுங்கள் என்று நாள்தோறும் கேட்டுக்கொண்டிருந்தார். நமக்குப் பொறுமை போய்விடுகின்றது. ஆனால், சற்று ஆழ்ந்து நோக்கினால் அவர் கருத்து விளங்கும். கல்லெறிந்தது கைதான், எனினும் கை எழுவதற்கு முன் நாவு எழுந்தது. தெருவிலே நின்று வாயில் வந்தபடி பேசும் வழக்கம் ஊரிலே வேரூன்றியிருந்தது. வெண்கலத்தைத் திரும்ப வார்த்துவிடலாம், வாய்ப் பழக்கத்தை மாற்றுவதே அரிது என்று அவர் கண்டார் போலும். ஆள்வோருக்கு அஞ்சுவதிலும் ஒரு நன்மை உண்டென்று அவர் அப்பொழுதே சொன்னார். மக்கள் கை தட்டினர். கோவில் நாடக மேடையன்று, கை தட்டாதீர்கள் என்று அதற்காகவும் கடிந்துகொண்டார்.

இதற்கிடையில் சக்கரவர்த்தியின் விசாரணையாளர் இருவர் வந்து சேர்ந்தனர். குளிப்பறைகளும் நாடக அரங்கும் குதிரைப் பந்தயத் திடலும் மூடப்பட்டன. அந்தியோக்கியாவின் தலைநகர் உரிமை பறிக்கப்பட்டது. பெரிய மனிதர்கள் சங்கிலியிலே பூட்டப்பட்டனர். அப்பொழுது மலைகளிலிருந்து துறவிகள் இறங்கி வந்தனர். அவருள் ஒருவர் மக்கெதோனியுஸ், வாற்கோதுமையே உணவாகக் கொண்டவர், எழுத்தறியாதவர், சிரிய மொழியன்றி வேறு மொழி பேசாதவர். கந்தையுடுத்த அக் கிழவர் வீதியிலே விசாரணையாளரின் மேலங்கியைப் பற்றி, குதிரையினின்றும் இறங்கும்படி கூறினார். சக்கரவர்த்தியும் ஒரு மனிதரே. மனிதர் கடவுளின் சாயலாய்ப் படைக்கப்பட்டவர். ஒரு வெண்கலச் சிலைக்குப் பதிலாகப் பல சிலைகள் செய்யலாம். கொல்லப்பட்ட ஒருவனின் தலைமயிர் ஒன்றையேனும் சக்கரவர்த்தியால் ஆக்க முடியுமா என்று கேட்டு, இதைச் சென்று அவருக்குச் சொல்லுங்கள் என்றார். அவர் சொல்லில் வசை இல்லை, அச்சமும் இல்லை. விசாரணையாளர் தண்டனையை நிறுத்திவைத்து, சக்கரவர்த்தியின் முடிவுக்கு விட்டனர்.

கொன்ஸ்தாந்திநோப்பிளிலே பிளாவியானுஸ் சக்கரவர்த்தியை அணுகாது தூரத்திலே தலை குனிந்து, தாமே குற்றம் செய்தவர்போல் அழுதுகொண்டு நின்றார். தேயோதோசியுஸ் கோபிக்கவில்லை, அந்நகருக்குத் தாம் செய்த நன்மைகளை எண்ணிக் காட்டி, தம்மை அவமதித்ததுமல்லாமல் இறந்தவர்களையும் ஏன் அவமதித்தனர் என்றே வினவினார். அதற்கு மேற்றிராணியார் சொன்னவற்றுள் கொன்ஸ்தந்தீன் சக்கரவர்த்தியின் கதையும் ஒன்று. அவருடைய சிலையின் முகத்திலே யாரோ கல்லெறிந்தனர். தண்டிக்க வேண்டுமென்று அரண்மனையார் தூண்டினர். கொன்ஸ்தந்தீன் தம் முகத்தைக் கையினால் தடவிப் பார்த்து, காயம் எதையும் காணவில்லையே என்று நகைத்தாராம். தேயோதோசியுஸ் மனமிரங்கினார். உயிர்த்த ஞாயிறுக்குள் மன்னிப்புச் செய்தி அந்தியோக்கியாவை எட்டியது.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் விடுதல் நேர்மையன்று. நாவடக்கம் போதித்த இவரே, ஏறக்குறைய அதே காலத்தில், யூதரின் விழாக்களுக்குச் சென்ற கிறிஸ்தவரைத் தடுப்பதற்காக நிகழ்த்திய உரைகளிலே யூதரைப் பழித்த சொற்கள் மிகக் கொடியவை. பிற்காலத்தில் யூதரை வெறுத்தோர் அவற்றை எடுத்தாண்டனர். கடவுளைத் தூஷிப்பவனைத் தெருவிலே கண்டால் கன்னத்தில் அறையுங்கள் என்றும் ஒருகால் சொன்னார். பொன்வாய் எப்பொழுதும் பொன்னையே சொரிந்தது என்று எழுதுவது எளிது, உண்மையன்று.

அந்தியோக்கியாவிலே பன்னிரண்டு ஆண்டு அவர் வேத விளக்கம் செய்தார். சின்னப்பர் உரோமருக்கு எழுதிய நிருபத்தின் பதின்மூன்றாம் அதிகாரத்துக்கு அவர் தந்த விளக்கம் இப் பொருளுக்கு ஆணிவேராகும். எல்லா அதிகாரமும் கடவுளிடமிருந்து வருவது என்று அப்போஸ்தலர் சொல்வதை வைத்து, அரியணையிலிருக்கும் ஒவ்வொருவரையும் கடவுளே தேர்ந்து அமர்த்தினார் என்று கொள்ளலாமா? அன்று, என்கின்றார் அருளப்பர். ஆளும் முறைமை கடவுளால் வந்தது. ஆளும் ஆள் வேறு. உலகம் கடல் அலைபோல் அங்குமிங்கும் அலைக்கழியாமல் இருத்தற்பொருட்டு ஆட்சி என்ற ஒன்று ஏற்பட்டது. ஆகவே பதவியைப் போற்ற வேண்டும். அப் போற்றுதலினால், பதவியிலிருப்பவன் செய்யும் தீமை நன்மையாகிவிடாது. மன்னனை இகழாதிருத்தலும் மன்னனை இடித்துரைத்தலும் ஒன்றோடொன்று பகைப்பன அல்ல என்பது திருக்குறளைப் பயின்ற நம்மவர்க்குப் புதிதன்று. எனினும் இரண்டையும் ஒரே நாவினால் செய்வது எத்துணை அரிது என்பதை அருளப்பர் தலைநகருக்குச் சென்றபின்னரே கற்றார்.

சென்றார் என்பதினும் கொண்டுபோகப்பட்டார் என்பதே பொருந்தும். 397இல் கொன்ஸ்தாந்திநோப்பிள் மேற்றிராணியார் நெக்தாரியுஸ் இறந்தார். அப்பொழுது அரசு அர்க்காதியுஸின் கையிலிருந்தது. அர்க்காதியுஸோ யூத்ரோப்பியுஸ் என்னும் அரண்மனை அலியின் கையிலிருந்தார். அந்தியோக்கிய மக்கள் தம் பிரசங்கியாரை விடமாட்டார்கள் என்று அறிந்த யூத்ரோப்பியுஸ், நகருக்கு வெளியே ஓர் இடத்துக்கு அவரை வரவழைத்து, வண்டியிலேற்றிக் கடத்திச் செல்ல ஏற்பாடு செய்தார். 398ஆம் ஆண்டு பெப்ரவரியில் அவருக்கு மேற்றிராணியார் பட்டம் அளிக்கப்பட்டது. மனமின்றியே அதனை அளித்தவர் அலெக்சாந்திரியாவின் தெயோப்பிலுஸ். இப்பெயரை வாசகர் நினைவிலே வைத்துக்கொள்க.

புதிய மேற்றிராணியார் விருந்துகளை நிறுத்தினார், தனியே உண்டார், மாளிகைச் செலவைக் குறைத்து நோயாளர் இல்லங்களுக்குக் கொடுத்தார். ஏழைகள் அவரை நேசித்தனர். குருக்களிற் பலர் நேசிக்கவில்லை. 399இல் யூத்ரோப்பியுஸ் வீழ்ந்தார். கோவிலிலே அடைக்கலம் புகும் உரிமையை ஒழிக்க முயன்ற அதே மனிதர் இப்பொழுது ஓடிவந்து பீடத்தைப் பற்றிக்கொண்டார். படைவீரர் அவரைக் கேட்டு வாசலிலே நின்றனர். அருளப்பர் கொடுக்கவில்லை. ஆனால் மறுநாள், நடுங்கிக்கொண்டு கிடந்த அந்த மனிதரைக் காட்டியே, உலகப் பெருமையின் நிலையாமை பற்றிப் பிரசங்கம் செய்தார். உயிரைக் காத்தது மெச்சத்தக்கது. வீழ்ந்தவரை முன்னே வைத்துக்கொண்டு இடித்துரைத்தது தகாதென்று அக்காலத்தவர் சிலர் குறைப்பட்டனர். அவர்கள் சொன்னதிலும் நியாயம் உண்டு.

அர்க்காதியுஸின் மனைவி யூதோக்சியா தொடக்கத்தில் அவருக்கு ஆதரவாகவே இருந்தாள். வேதசாட்சிகளின் திருப்பண்டங்களை இரவிலே ஊர்வலமாய்க் கொண்டு சென்றபொழுது சக்கரவர்த்தினி மக்களோடு மக்களாய் நடந்தாள். அருளப்பர் அவளை வாயாரப் புகழ்ந்தார். அந்த உறவு நீடிக்கவில்லை. செல்வப் பெண்டிரின் ஆடம்பரத்தை அவர் கண்டித்தபொழுதெல்லாம், அது சக்கரவர்த்தினியைச் சாடியதே என்று அரண்மனைக்குச் செய்தி சென்றது. பழைய ஏற்பாட்டிலே நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தைப் பறித்த அரசி ஜெசபெலுக்கு அவளை ஒப்பிட்டார் என்றும் சொல்லப்பட்டது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஏறக்குறைய இதே காலத்திலே அவர் அப்போஸ்தலர் பணிநூலுக்கு விளக்கம் செய்துகொண்டிருந்தார். அதிலே, விசாரணையின்போது தம்மை அடிக்கச் சொன்னவனைச் சின்னப்பர் வெள்ளையடித்த சுவர் என்று ஏசுகின்றார். அவன் தலைமைக் குரு என்று அருகில் நின்றோர் சொன்னதும், மக்களின் தலைவனைப் பழிக்கலாகாது என்ற வேத கட்டளையை நினைந்து தம் சொல்லை மீட்டுக்கொள்கின்றார். சின்னப்பர் அறிந்தே இகழ்ச்சியாகப் பேசினார் என்று சிலர் கொண்டனர். அருளப்பர் அதனை ஏற்கவில்லை. சின்னப்பர் உண்மையிலேயே அறியாமற் பேசினார், அறிந்திருந்தால் மரியாதையே செய்திருப்பார் என்றார். இவ்வாறு போதித்தவரையே அரசியை ஏசியவர் என்று குற்றஞ்சாட்டினர்.

403இல் தெயோப்பிலுஸ் எகிப்திலிருந்து வந்தார். தாம் துரத்திய எகிப்தியத் துறவிகளுக்கு அருளப்பர் இரக்கம் காட்டினார் என்பது அவருடைய மனக்குறை. கல்கெதோனுக்கு அருகே ஓக்கு மரத்தின் பெயரால் வழங்கிய மாளிகையொன்றிலே மேற்றிராணிமார் சிலரைக் கூட்டி ஒரு சங்கம் நடத்தினார். அருளப்பர் விலக்கிய ஒரு தியாக்கோன் 29 குற்றங்களை அடுக்கினான். அவன் விலக்கப்பட்டது தன் வேலைக்காரப் பையனை அடித்ததற்காக. அருளப்பர் அச் சங்கத்துக்குப் போகவில்லை, பதவி பறிக்கப்பட்டது. இராசத்துரோகக் குற்றத்தைச் சக்கரவர்த்தியே தீர்க்க வேண்டும் என்றும் சங்கம் எழுதியது. துரோகம் என்றது அரசியை ஜெசபெல் என்றழைத்ததையே. சங்கம் மரண தண்டனையை விரும்பியிருத்தல் கூடும். அர்க்காதியுஸ் நாடு கடத்தியதோடு நின்றார்.

மக்கள் கோவிலைச் சூழ்ந்து காவல் நின்றனர். ஒரு சொல் சொல்லியிருந்தால் கொன்ஸ்தாந்திநோப்பிளிலும் சிலைகள் உருண்டிருக்கும். அருளப்பர் மக்கள் அறியாதபடி நடுப்பகலிலே வெளியேறிக் காவலரிடம் தம்மை ஒப்படைத்தார். சில நாளிலேயே அரண்மனையிலே யாதோ ஒரு விபரீதம் நேர்ந்தது. நிலநடுக்கம் என்பாரும் உளர். அஞ்சிய யூதோக்சியா அவரைத் திரும்ப அழைத்தாள். ஊர் விளக்கேற்றி வரவேற்றது.

சமாதானம் இரண்டு மாதம்கூட நிலைக்கவில்லை. அவ்வாண்டு இலையுதிர்காலத்தில் பெரிய கோவிலுக்கு அண்மையிலே செந்நிறக் கற்றூண் ஒன்றின்மேல் யூதோக்சியாவின் வெள்ளிச் சிலை நிறுத்தப்பட்டது. திறப்பு விழாவின் ஆடல் பாடல் ஆரவாரம் கோவில் வழிபாட்டைக் கலைத்தது. அருளப்பர் கடுமையாகப் பேசினார். சோக்கிரதேஸ் என்னும் திருச்சபை வரலாற்றாசிரியர் இதனைக் குறைகூறுகின்றார். ஆள்வோருக்குப் பணிவான விண்ணப்பம் எழுதி அக் களியாட்டத்தை நிறுத்தியிருக்கலாம். அவரோ தம் நாவையே ஆயுதமாக்கினார் என்பது அவர் தீர்ப்பு. அரசி சினந்தாள் என்று கேட்டதும் அருளப்பர், திருமுழுக்கு அருளப்பரின் தலையைக் கேட்ட ஏரோதியாளுக்கு அவளை ஒப்பிட்டு மற்றொரு பிரசங்கம் செய்தார் என்றும் அவர் எழுதுகின்றார். இன்று அப்பெயரில் வழங்கும் பிரசங்கம் அவருடையதன்று என்பது ஆராய்ச்சியாளரின் துணிபு. ஒப்புமையை அவர் சொன்னாரா, சொன்னதாகச் சொன்னார்களா? எனக்கு இரண்டும் கலந்தே தோன்றுகின்றது. சூடான சொல் பிறந்திருக்கும். அரண்மனைக்குச் செல்லும் வழியிலே அது இன்னும் சூடேறியிருக்கும். பதினாறு ஆண்டுக்கு முன் ஒரு வெண்கலச் சிலைக்காக நாவடக்கம் போதித்தவர், இப்பொழுது ஒரு வெள்ளிச் சிலையின் நிழலிலே தம் நாவினாலேயே அகப்பட்டார்.

404ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய இரவு, ஞானஸ்நானம் பெற வந்தவர்களைப் படைவீரர் அடித்துக் கலைத்தனர். ஞானஸ்நானத் தொட்டி நீரிலே இரத்தம் கலந்தது. ஜூன் மாதத்தில் நாடு கடத்தும் ஆணை பிறந்தது. இம்முறையும் கலகம் மூளாதிருக்க அருளப்பர் ஓர் உபாயம் செய்தார். தாம் ஏறிச் செல்லும் கோவேறு கழுதையை மேற்கு வாசலிலே நிறுத்தச் சொன்னார். மக்கள் அங்கே கூடிக் காத்திருக்கையில், தாம் கீழ்த்திசை வாசலால் வெளியேறினார். அன்றிரவே கோவிலும் அதனருகே இருந்த ஆட்சிமன்றமும் தீப்பற்றி எரிந்தன. யார் வைத்த தீ என்று இன்றுவரை தெளிவில்லை.

ஆர்மேனிய மலைகளிலே குக்குசுஸ் என்னும் சிற்றூரில் அவரை வைத்தனர். அவ்வாண்டு ஒக்டோபரிலே யூதோக்சியா கருச்சிதைவினால் இறந்தாள். அவருடைய அன்பர் சிலர் அதனைக் கடவுளின் தண்டனை என்றனர். நாடு கடந்த காலத்தில் அவர் எழுதிய கடிதங்கள் இருநூறுக்கு மேல் நமக்குக் கிடைத்துள்ளன. ஒலிம்பியாஸ் என்னும் கைம்பெண்ணுக்கு எழுதியவை அவற்றுட் சிறந்தவை. குளிர், காய்ச்சல், மருந்து, கொள்ளையர் அச்சம் என்பவற்றைப் பற்றியெல்லாம் எழுதுகின்றார். மனம் கசந்து குறைகூறுமிடத்தும் அவர் சுட்டுவது அரியணையை அன்று. சிலரொழிய மேற்றிராணிமாரைப்போல் வேறெவருக்கும் தாம் அஞ்சவில்லை என்கின்றார்.

407இல் அவரை இன்னும் தூரத்திலே, கருங்கடலின் கீழ்க்கரையிலுள்ள பித்தியுஸுக்குக் கொண்டுபோகக் கட்டளை வந்தது. மூன்று மாதம் வெயிலிலும் மழையிலும் நோயாளியை நடத்திச் சென்றனர். செப்டெம்பர் 14ஆம் நாள் கொமானா என்னுமிடத்திலே, வேதசாட்சி பசிலிஸ்குஸின் சிற்றாலயத்தில், எல்லாவற்றுக்காகவும் கடவுளைத் துதித்துக்கொண்டு உயிர் நீத்தார்.

முப்பத்தொரு ஆண்டு சென்றது. 438ஆம் ஆண்டு ஜனவரியில் அவருடைய உடலின் மீதியைக் கொன்ஸ்தாந்திநோப்பிளுக்குக் கொண்டுவந்தனர். அப்பொழுது அரசாண்டவர் யூதோக்சியாவின் மகனான இரண்டாம் தேயோதோசியுஸ். அவர் பேழையின்மேல் முகத்தைக் கவிழ்த்து, தம் தாயும் தந்தையும் அறியாமற் செய்த குற்றத்தை மன்னிக்கும்படி வேண்டினார்.

வெள்ளிச் சிலை எப்பொழுதோ போயிற்று. அதன் அடிபீடம் மாத்திரம் 19ஆம் நூற்றாண்டிலே மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தது. கிரேக்கத்திலும் இலத்தீனிலும் யூதோக்சியாவின் பெயர் பொறித்த அக் கல், இஸ்தான்புலிலே ஆயா சோபியாவின் முற்றத்தில், வேறு பல உடைந்த கற்களோடு கிடக்கின்றது.